பாட்டன் பெயர் எந்த ஏட்டில்?

தாம்பரம் ரயிலடியில் வேலைக்குப் போக நிற்கும் தொழிலாளித் தோழர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்: "அய்யா, உங்கள் தந்தையார் பெயர் என்ன?" சட்டென்று சொல்வார். "அவருக்குத் தந்தை?" சற்று நிதானித்துச் சொல்வார். "அவருக்கும் தந்தை?" தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். "பாட்டி இருந்தவரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, இப்ப யாருக்குத் தெரியும்?" என்பார். மூன்றாவது படியிலேயே ஏணி முறிந்துவிடுகிறது!

தாம்பரத்துக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் பரங்கிமலை. கும்பினி ஆட்சிக் காலத்தில் பீரங்கிப் படையின் பாளையம் அங்கேதான் இருந்தது. அந்தப் படையிலே ஊழியம் பார்த்த வெள்ளைச் சிப்பாய் ஒருவனின் கொள்ளுப்பேரனுக்குப் பேரன் இன்று இங்கிலாந்தில் இருப்பான். அவனைக் கேளுங்கள்! பாட்டன் எந்த நாளில் ஞானஸ்நானம் பெற்றான், எந்தத் தேவாலயத்தில் மாலை மாற்றினான், எந்தக் காய்ச்சலில் எந்த மாதம் மாண்டான், எந்த மண்ணில் புதைந்தான், அத்தனையும் அடுக்கிச் சொல்வான். வீட்டை விட்டு வெளியே வராமலே சொல்வான்!

என்ன காரணம்? அவன் குலம் உயர்ந்ததா? அவன் மூளை பெரிதா? இரண்டும் இல்லை. அவன் பாட்டனுக்கு ஏடு எழுதினார்கள்.

நம் பாட்டனுக்கு எழுதவில்லையா என்று கேட்கிறீர்களா? எழுதினார்கள், தோழர்களே, எழுதினார்கள்! ஆனால் என்னவென்று எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்பதிலேதான் இருக்கிறது கதை. அந்தக் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம்.

இரண்டு கணக்குப் புத்தகங்கள்

ஆண்டவன் ஒருவன், அவன் வைத்திருந்த புத்தகங்களோ இரண்டு. நாம் சொல்லும் ஆண்டவன், நம்மை ஆண்டவன்! ஒரு புத்தகம் தன் இனத்துக்கு. இன்னொன்று நமக்கு.

முதல் புத்தகத்தைப் புரட்டுவோம். சென்னைக் கோட்டைக்குள்ளே இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-ஆம் ஆண்டு எழுந்தது. அதன் திருமணப் பதிவேட்டில் அதே ஆண்டு ஏறிய பெயர்களில் ஒன்று எலிஹு யேல்; பிற்பாடு இங்கே கவர்னராக இருந்து பொருள் குவித்து, அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்தவன். 1753-இல் ஏறிய பெயர் ராபர்ட் கிளைவ். கோட்டையிலே மட்டுமல்ல, படை தங்கிய இடமெல்லாம், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும், பாதிரியார் கையில் ஏடு இருந்தது. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் ஏட்டில் ஏறின. அந்த ஏடுகளுக்கு நகல் எடுத்துக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1698-ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை மாகாணத்து நகல்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைத் தேடுவோருக்குத் துணை செய்யவென்றே 1998-இல் ஒரு சங்கமும் இங்கிலாந்தில் தோன்றி வேலை செய்துவருகிறது.

1947-க்குப் பிறகு பரங்கிமலையையும் பல்லாவரத்தையும் பெரம்பூரையும் விட்டு, இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் சென்ற ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல. அவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஏடுகளில்தான் தங்கள் வேரைத் தேடுகிறார்கள். தேடட்டும். பாட்டன் யாரென்று கேட்பது மனிதனுக்கு இயல்பு. அதிலே நமக்குப் பொறாமை இல்லை.

ஆனால் அந்த ஏட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. தந்தை பெயர் இருக்கும், பட்டம் இருக்கும், படைப்பிரிவு இருக்கும். தாய்? பழைய பதிவுகள் பலவற்றில் தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சுதேசிப் பெண்' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. அதுவும் இல்லாத பதிவுகளும் உண்டு. அவள் நம் ஊர்ப் பெண். பத்து மாதம் சுமந்தவள். பெற்ற பிள்ளையின் பெயரை ஏட்டில் ஏற்றியவர்கள், பெற்றவளின் பெயரை ஏற்ற மை போதவில்லை போலும்!

இன்னொன்றையும் கேளுங்கள். இங்கிலாந்தில் மக்கள் தொகைக் கணக்கு எடுத்த தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டு கழித்து ஊருக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-இல் எழுதிய தாள்கள் 2022-இல் வெளியாயின. அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் பேரன், தன் பாட்டன் எந்தத் தெருவில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகளோடு இருந்தான் என்று படிக்க முடிகிறது. இங்கேயும் அதே வெள்ளையன் 1871-இல் கணக்கெடுத்தான். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்தான். எத்தனை தலை, எத்தனை சாதி, எத்தனை தொழில் என்று கூட்டிப் பெருக்கித் தடித்தடிப் புத்தகம் போட்டான். கூட்டுத்தொகை நின்றது, வீடு வீடாக எழுதிய தாள் நிற்கவில்லை. நம் பாட்டன் அந்தக் கூட்டுத்தொகையிலே ஓர் இலக்கம், அவ்வளவுதான்!

நமக்கென்று இருந்த புத்தகம்

இப்போது இரண்டாவது புத்தகம்.

தாம்பரமும் பல்லாவரமும் சுற்றுப்பட்டு ஊர்களும் அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லா. ஜில்லா கலெக்டர் கச்சேரி இருந்ததோ சைதாப்பேட்டையில். ஆர்க்காட்டு நவாபு 1763-இல் இந்தச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தான். கொடுத்த சில ஆண்டுகளிலேயே, 1767 முதல் 1774 வரை, பார்னார்டு என்ற துரை சுமார் 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தான். ஏரி எத்தனை, நஞ்சை எத்தனை, வீடு எத்தனை, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு, எல்லாம் எழுதினான். வரி வாங்க வேண்டுமே! மாட்டை வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பதுபோல் நாட்டைப் பார்த்தான். நிலத்தை எழுதினான்; நிலத்தில் நின்று நாற்று நட்டவள் பெயரை எழுதவில்லை.

அப்படியானால் நம்மவன் பெயர் முதன்முதலாக, தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் அவர்கள் ஏட்டில் முழுசாக ஏறியது எப்போது? அவனை விலைபேசிக் கப்பலேற்றியபோது!

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை 1834-இல் சட்டப்படி ஒழிந்தது. கரும்புத் தோட்டம் ஒழியவில்லையே! ஆள் வேண்டும். அடிமை என்று அழைக்கக் கூடாது; அவ்வளவுதானே? 'ஒப்பந்தம்' என்று அழைத்தார்கள். மொரீசியசுக்கு ஆள் போயிற்று. பிறகு நேட்டால். 1860 நவம்பர் 16-ஆம் நாள், 'டிரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஏற்றிவந்த 342 பேரை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குபோல் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களிலே செங்கற்பட்டு ஜில்லாக்காரர்கள் ஏராளம்.

ஐந்தாண்டு ஒப்பந்தம். மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறும். பதிவேடு எப்படி இருந்தது தெரியுமா? முதலில் எண். பிறகு பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், அப்புறம் உடலில் உள்ள அடையாளம்: வலது முழங்காலில் தழும்பு, இடது புருவத்தில் மச்சம், கையில் பச்சை குத்தியது! ஓடிப் போனால் பிடிக்க வேண்டுமல்லவா? அதற்குத்தான் தழும்பு. கடைசியில் எந்த முதலாளிக்கு அவனை ஒதுக்கினார்கள் என்பது.

பரங்கிமலைச் சிப்பாய்க்குத் தேவாலயத்தில் பதிவு. நம் பாட்டனுக்குத் துறைமுகத்தில் பதிவு. அவன் பெயருக்குப் பக்கத்தில் பட்டம். இவன் பெயருக்குப் பக்கத்தில் தழும்பு. உழைத்துப் பெறும் ஊதியத்துக்குத் தமிழில் 'கூலி' என்று பெயர். அந்த மானமுள்ள சொல்லை எடுத்து, மனிதனையே 'கூலி' என்று அழைத்து, வசைச் சொல்லாக்கினார்கள்.

தழும்பே தாள் திறந்தது

ஆனால் வரலாற்றின் விந்தையைப் பாருங்கள். அடக்கி ஆளுவதற்காக எழுதிய அந்த ஏடுதான் இன்று அடையாளம் தரும் ஏடாக நிற்கிறது. டர்பனில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. அந்தக் கப்பல் பட்டியல்களையெல்லாம் தேடிப் பார்க்க அங்கே வழி செய்திருக்கிறார்கள். மொரீசியசில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிலையம், அங்கே இறங்கியவர்களின் பதிவேடுகளைப் புகைப்படங்களோடு காத்து வைத்திருக்கிறது. அவர்கள் கரையேறிய படித்துறையை 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அறிவித்தது. ஏழாம் தலைமுறை வரைக்கும் இந்திய வம்சாவளி மொரீசியசுக்காரர்கள் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் (ஓ.சி.ஐ.) அட்டை பெற வழி செய்வதாக 2024-இல் இந்திய அரசு அறிவித்தது. அட்டை கேட்டால் ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் எது? அந்தப் பழைய ஏடு!

டர்பனில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண், பட்டியலில் தன் பாட்டன் வரியைக் கண்டுபிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கையில் இருப்பது ஓர் எண், ஒரு பெயர், ஒரு தந்தை பெயர், ஓர் ஊர். அவ்வளவே. ஊர்ப் பெயரையாவது சரியாக எழுதினானா வெள்ளைக் குமாஸ்தா? பூவிருந்தவல்லியைப் 'பூனமலீ' ஆக்கியவன், செங்கற்பட்டைச் 'சிங்கிள்புட்' ஆக்கியவன், நம் சிற்றூர்களின் பெயரை எப்படிக் கடித்துத் துப்பியிருப்பான்! முதலியார் அங்கே 'மூட்லி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். காதால் கேட்டதைக் கையால் குதறினார்கள்.

அந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு நூல் உண்டு. இரண்டுமே நம் மரபில் உள்ளவை.

வெள்ளையனுக்குக் குடும்பப் பெயர் உண்டு. பத்துத் தலைமுறைக்கும் அதே பெயர். நமக்கு அப்படி இல்லை. தந்தை பெயரே தலைப்பெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆகவே ஒருவன் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஊருக்கு ஆயிரம் முனுசாமி. தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேட வேண்டும். மூன்றும் ஒன்றாகப் பொருந்தினால்தான் ஆள். இது ஒரு நூல்.

இன்னொன்று, 'பேரன்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பேரன். கந்தன் மகன் முனுசாமி, முனுசாமி மகன் மறுபடி கந்தன். டர்பனில் ஒரு குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர், சேலையூரிலோ மாடம்பாக்கத்திலோ முடிச்சூரிலோ ஒரு குடும்பத்திலும் திரும்பத் திரும்ப வந்தால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிட வேண்டாம், மேலே தேடுங்கள்!

சாதி என்று ஒரு கட்டம் இருந்ததே, அதை என்ன செய்வது? கப்பலேறும்போது சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டுமே! சொந்த ஊரில் தலை நிமிர விடாத சாதியைத் துறைமுகத்திலேயே உதறிவிட்டுப் போனவன் அறிவாளி. அந்தக் கட்டத்தை ஆளை அடையாளம் காண மட்டும் பயன்படுத்துங்கள். அகந்தை கொள்ளவோ அவமானப்படவோ பயன்படுத்தாதீர்கள். இதே செங்கற்பட்டிலேதான் 1929 பிப்ரவரியில் சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொன்னது. 'நாங்கள் அந்த ராசாவின் வம்சம், இந்த முனிவரின் கோத்திரம்' என்று கதை கட்டுவதற்கா நாம் பாட்டனைத் தேடுகிறோம்? அவன் உழைத்தான், அவன் இருந்தான், அவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்று நிலைநாட்டத் தேடுகிறோம்.

தாள் இல்லாதவன் கதி

"பழங்கணக்குப் பார்த்து என்ன ஆகப் போகிறது? பாட்டன் பெயர் சோறு போடுமா?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இரண்டு பதில் சொல்கிறோம்.

முதலாவது, நிலம். செங்கற்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்கள் இந்த ஜில்லாவில் குடியிருக்கும் மனைகூடத் தங்களுடையது என்று சொல்ல முடியாமல், மிராசுதாரரின் கண்சிமிட்டலுக்கு அஞ்சி வாழ்ந்த அவலத்தை 1891-இல் அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892-இல் அரசாணை பிறந்தது. அவர்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். பத்தாண்டு வரை விற்கக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். பிறகு என்ன ஆயிற்று? நிலம் கை மாறியது, வேலி மாறியது. பாட்டனுக்கு அளித்த நிலம் என்று பேரன் கேட்டால், 'தாளைக் காட்டு' என்றார்கள். காரணையில் பஞ்சமி நிலம் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994-இல் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். இன்றும் அந்த நிலங்களை மீட்க முனைவோர், முதலில் தேடி ஓடுவது பழைய பதிவேட்டைத்தான். பாட்டன் பெயர் சோறு போடுமா என்றால், சோறு விளையும் நிலத்தையே மீட்டுத் தரக்கூடும்!

இரண்டாவது, நாடு. நேட்டாலுக்குப் போனவனுக்காவது ஒரு வரி மிஞ்சியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணியின் பின்னால் நடந்தவனுக்கு? அவன் கையில் இருந்தது 'துண்டு'. எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அவனைக் கடனோடு சேர்த்துக் கை மாற்றும் சீட்டு. 1921-இல்தான் அந்த முறை ஒழிந்தது. 1948-இல் சுதந்திர இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டது. 'உன் தந்தை இங்கே பிறந்தான் என்பதற்குச் சான்று எங்கே?' என்று கேட்டது. காட்டை அழித்து மலையைத் தோட்டமாக்கியவன் சான்றுக்கு எங்கே போவான்? இலட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டது. எஞ்சி நின்றவர்களுக்கு வழி பிறக்க 2003 ஆயிற்று. தாத்தா பெயரில் ஒரு தாள் இல்லாத குற்றத்துக்குத் தலைமுறை தலைமுறையாகத் தண்டனை!

இப்போது சொல்லுங்கள், பழங்கணக்கு வெறும் பொழுதுபோக்கா?

என்ன செய்யலாம்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். நிலையத்துக்கு அருகிலேயே, காந்தி இர்வின் சாலையில், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-இல் தோன்றிய நிறுவனம். கும்பினிக் காலத்துக் கடிதம் முதல் ஜில்லாப் பதிவு வரை அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. முறைப்படி விண்ணப்பித்துப் பார்க்கலாம். அன்றாடம் அந்த வழியே போகிறோம். அதற்குள்ளே இருப்பது நம் கணக்கு என்பதை நினைப்பதில்லை.

ஆனால் அங்கே போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டிலே வயதில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். தாத்தா பெயர், பாட்டி பெயர், அவர்களைப் பெற்றவர் பெயர், பாட்டி பிறந்த ஊர், கடல் தாண்டிப் போய்த் திரும்பாதவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். பாட்டி பெயரை விட்டுவிடாதீர்கள்! பாதிரியார் ஏட்டில் தாயின் பெயர் இல்லையென்று கோபப்பட்ட நாம், நம் நோட்டில் அதே அநியாயத்தைச் செய்யலாமா?

அடுத்தது பள்ளிச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, பத்திரப் பதிவு அலுவலகம். கிரயப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதும் வழக்கம் நமக்குப் பெரிய உதவி. கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது; கர்ணம் எழுதிய கணக்கு ஒழியவில்லை. 'அ' பதிவேட்டு நகலும் பிற வருவாய்க் கணக்கும் கேட்டுப் பெற, 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை இருக்கிறது. பழைய கணக்கில் 'பசலி 1300' என்று ஆண்டு போட்டிருந்தால் மிரள வேண்டாம். 590 கூட்டுங்கள், 1890 என்று ஆங்கில ஆண்டு வந்துவிடும். கிறிஸ்தவத் தோழர்களுக்குத் தேவாலயப் பதிவேடும் கல்லறைக் கல்லும் உண்டு.

இன்னொரு கடமை, நம் ஊர்ப் பெயர்களைக் காப்பது. தோல் பதனிட்ட குரோம் ஆலையால் குரோம்பேட்டை என்று பெயர் வந்த பகுதி இது. ஏரிக்கரைச் சிற்றூர்கள் நகராகி, நகர்கள் ஒன்றாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. வளரட்டும், மகிழ்ச்சி. ஆனால் மனைப் பிரிவுக்கு ஒரு பெயர், அடுக்குமாடிக்கு ஒரு பெயர் என்று வைத்து வைத்து, பழைய சேரியின், குப்பத்தின், மேட்டின் பெயர் கிழவர்களின் நாவிலே மட்டும் மிஞ்சியிருக்கிறது. டர்பனிலிருந்து ஒருத்தி வந்து, பாட்டனின் ஊர் என்று ஒரு பெயரைச் சொல்லி வழி கேட்டால், 'அப்படி ஓர் ஊரே இல்லையே' என்று நாம் கைவிரிக்கலாமா? ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, பதினாறு வயதில் சிறைக்கொடுமைக்குப் பலியான வள்ளியம்மையை, பெற்றோரின் ஊரை முன்னே வைத்துத் தில்லையாடி வள்ளியம்மை என்றுதானே அழைக்கிறோம்? கடல் தாண்டியும் ஊர்ப் பெயர் உயிரோடு இருந்தது. ஊருக்குள்ளேயே அதைச் சாகவிடலாமா?

ஒவ்வொரு கிளைக் கழகத்திலும் ஒரு படிப்பகம் இருக்கிறது. படிப்பகம்தோறும் ஒரு தடித்த நோட்டு வாங்கி வையுங்கள். வார விடுமுறையில் இரண்டு இளைஞர்கள் தெருத்தெருவாகப் போய், எண்பது வயதுப் பெரியவர்களின் வாயால் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த ஆலையில் வேலை பார்த்தார்கள், எந்த வேலைநிறுத்தத்தில் நின்றார்கள், யார் கப்பலேறினார்கள் என்று எழுதட்டும். சாதிக் கட்டம் வேண்டாம். தழும்புக் கட்டம் வேண்டாம். பெயர், பெற்றவள் பெயர், பெற்றவன் பெயர், ஊர், செய்த தொழில், இவ்வளவு போதும்.

வெள்ளையன் நம்மை எழுதியது வரிக்காக, வேலை வாங்க, ஓடினால் பிடிக்க. அவன் எழுதியதைப் படிப்போம், பயன்படுத்துவோம். அவன் எழுதாமல் விட்டதை நாம் எழுதுவோம். பெரியவர்கள் இருக்கும்போதே எழுதுவோம். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள், தோழர்களே!